வெறும் மணல்

அளந்த நேரத்தில் அங்கே ஒன்றும் இருக்கவில்லை. ஜீப் எத்தாளை ஊரைத் தாண்டும்வரை நிலுக்சன் இந்த ஒரு வசனத்தைத்தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தான். வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. எவரும் எழுந்து நின்று இது பொய் என்று சொல்ல முடியாது. விடியக் காலையிலேயே தொலைபேசியில் அதைச் சொல்லிக்கொடுத்தவர் குலசேகரம். சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, முப்பது வருடமாகப் புத்தளத்தில் நில அளவைக் கந்தோர் நடத்துகிறவர், நிலுக்சனின் முதலாளி.

"நீர் போய் நீளமாக் கதைக்க வேண்டாம். அளக்கேக்க அங்க ஒண்டும் இருக்கேல்லை. அதைச் சொல்லிப்போட்டு வாரும். கருவியையும் ஏத்திக்கொண்டு போம், சனம் பாத்தா ஒரு மதிப்பு."

குலசேகரத்துக்குத் தெரிந்தது பாதிக் கதை. மற்றப் பாதி தெரிந்தவர் ஜீப்பின் பின்பக்கம், கருவிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மின்ஹாஜ். வயது நாற்பத்தைந்து. பதினெட்டு வருடமாக இதே கந்தோரில் முக்காலியும் பற்றரியும் தூக்குகிறவர். அந்த யூலை நாளைப் பற்றி இந்த மூன்று மாதத்தில் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிலுக்சன் எதையாவது சொல்லிப் பூசி மெழுகியிருப்பான். கேட்காத மனிதனிடம் எதைப் பூசுவது, எதை மெழுகுவது?

யூலையில் நடந்தது இதுதான். காற்றில் பட்டம் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரருக்கு விடுதி கட்டவென்று கொழும்புக் கம்பனி ஒன்று கரையில் மூன்று கிலோமீற்றர் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டிருந்தது. அதற்கு வரைபடம் வேண்டும். வீதியிலிருந்து பார்த்தால் தட்டையான கரைதான். இறங்கி நடந்தால் தெரியும் அதன் குணம். மேட்டுக்குப் பின்னால் மேடு, இடையில் தாழையும் நாகதாளியும், கால் வைத்தால் முழங்கால்வரை விழுங்குகிற மணல். வீதியோரத்தில் இடம் தெரிந்த கல்லொன்றின்மேல் ஒரு கருவியை நிறுத்துவார்கள். அது வானொலியில் திருத்தம் அனுப்பிக்கொண்டே இருக்கும். நிலுக்சன் கோலைப் பிடித்துக்கொண்டு நடப்பான். திருத்தம் காதில் விழுந்தால் கோல் ஒரு விரலகலப் பிழைகூட இல்லாமல் இடத்தைப் பதியும். நடுவில் மணல்மேடு வந்தால் வானொலி செத்துவிடும். அதற்குத்தான் ரிப்பீட்டர். மேட்டின் உச்சியில் முக்காலியில் நின்று, இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்லும். சொல்லும்போது சுகமாகத்தான் இருக்கிறது. தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று முகத்தில் மணலை அள்ளி வீசும்போது, கார் பற்றரியைத் தோளில் வைத்துக்கொண்டு மேடேறுகிறவனைக் கேட்டால் வேறு கதை சொல்வான்.

அன்றைக்கு மூன்றாவது மேட்டில் ரிப்பீட்டர் இரண்டு தடவை விழுந்தது. கடைசியில் மின்ஹாஜ் முக்காலியைக் கயிற்றால் கட்டி, தானும் அதன் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கப்பால் இணைப்பு அறுந்து, நிலுக்சனின் கைக்கருவித் திரை சிவந்துவிட்டது. ரிப்பீட்டரை நாலாவது மேட்டுக்குக் கொண்டு போனால்தான் இணைப்பு வரும்.

"சேர், அங்கால மேட்டுக்குக் கொண்டு போவமா?" என்று மின்ஹாஜ் மேலிருந்து கத்தினார்.

நிலுக்சன் திரையைப் பார்த்தான். பின்னணியில் செய்மதிப் படம் ஒன்று விரிந்து கிடந்தது. எங்கே நிற்கிறோம் என்று வழி பார்க்கப் போடுகிற படம் அது. அதை வைத்து அளக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். படத்தில் மிச்சக் கரை வெள்ளை வெளேரென்று, ஓர் ஆள் இல்லாமல் கிடந்தது. விரலால் தொட்டான். ஒரு புள்ளி விழுந்தது. இன்னும் தொட்டான். பதினான்காம் இலக்கத்திலிருந்து முப்பத்தாறாம் இலக்கம்வரை இருபத்துமூன்று புள்ளிகள். தாழம் பற்றையொன்றுக்குள் குந்திக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பத்து நிமிடத்தில் ஒரு கிலோமீற்றர் கரையை 'அளந்து' முடித்தான் ஐயா. குறிப்பு எழுதுகிற கட்டத்தில் வெறும் மணல் என்று அடித்தான். பிறகு மேட்டைப் பார்த்து, "போதும், கழட்டுங்க" என்று கைகாட்டினான்.

சோம்பல் என்று சொல்லிவிடலாம். சோம்பல் இல்லாதவன் யார்? ஆனால் அந்தப் படத்தின் மூலையில் அதை எடுத்த மாதமும் வருடமும் இருந்தன. மூன்று வருடத்துக்கு முந்திய ஓகஸ்ட். ஓகஸ்ட்டில் இந்தக் கரையில் ஒரு வாடியும், மீன்பிடிக் குடிசை ஒன்றும், இராது என்பது இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும்.

சிலாபத்துப் பக்கத்துக் கரைவலைக் குடும்பங்கள் ஐப்பசி பிறக்க இங்கே வந்து ஓலை வாடி போடுவார்கள். சித்திரை முடியக் கச்சான் காற்று எழும்பும். ஓலையையும் கம்பையும் கழற்றி, வலையோடு லொறியில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். வலை இழுக்கிற ஒவ்வொரு துண்டுக் கரைக்கும் பாடு என்று பெயர். இன்ன குடும்பத்துக்கு இன்ன பாடு, அதில் எவரும் கை வைக்க மாட்டார்கள். நிலுக்சனே அப்படி ஒரு வாடியில் பிறந்தவன்தான். பன்னிரண்டு வயதுவரை வருடத்துக்கு இரண்டு பள்ளிக்கூடம், இரண்டிலும் அவனுக்கு 'வாடிப் பெடியன்' என்று பெயர், இரண்டிலும் கடைசி வாங்கில் இடம். படித்து மேலே வந்தபிறகு அந்தப் பெயரைத் துடைத்து எறிந்தான். அப்பாவுக்கு என்ன தொழில் என்று குலசேகரம் கேட்டபோது, மீன் வியாபாரம் என்றான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்லிப் பயனில்லை. படத்தில் வெள்ளை மணலுக்கு நடுவில் ஒரு சின்னக் கறுப்பு வட்டம் தெரிந்தது. விரல்களை விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தான். பற்றை அவ்வளவு வட்டமாக வளராது. தகரப் பீப்பாயை மணலுக்குள் இறக்கிச் செய்கிற வாடிக் கிணறு அது. எத்தனை கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குளித்தவன், அவனுக்கா தெரியாது? தெரிந்தது. தெரிந்தபிறகு படத்தைத் திரும்பச் சின்னதாக்கினான். வெட்கக்கேடு அந்த இடத்தில்தான் இருக்கிறது.

வரைபடம் போனது. ஆட்சேபனை இருந்தால் அறிவிக்கவும் என்று ஓகஸ்ட்டில் அரசாங்கக் காணிக் கந்தோர்ச் சுவரில் கடதாசி ஒட்டினார்கள். ஆட்சேபிக்க வேண்டியவர்கள் கிழக்குக் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஐப்பசியில் லொறியில் வந்து இறங்கினால், தங்கள் பாட்டில் கம்பனி நட்ட சிவப்புத் தலை எல்லை முளைகள் நிற்கின்றன. அவர்கள் கொடுத்த முறைப்பாட்டுக்குத்தான் இன்றைக்கு விசாரணை. வரைபடம் நிலைத்தால் பன்னிரண்டு வாடிகளும் ஆறு பாடுகளும் போய்விடும். அவ்வளவுதான் விஷயம்.

ஜீப் நின்றபோது புதிய ஓலை வாடிகளுக்கு முன்னால் சனம் கூடி நின்றது. அதிகாரிகளுக்கென்று இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள் துடைத்துப் போட்டிருந்தார்கள். நடுவில் நின்ற அறுபது வயதுப் பெண் நெற்றியில் கையை வைத்து நிலுக்சனை உற்றுப் பார்த்தார். நிலுக்சனும் அவரை அடையாளம் கண்டுகொண்டான். அவன் ஊரில் அடுத்த ஒழுங்கை. றோசமேரி மாமி. புருஷன் நிக்கொலஸ் போனபிறகு வலையும் பாடும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. இந்தப் பாடு யாருடையது என்று அவன் விசாரித்ததே இல்லை.

"நீ தெரேசாட மகன்தானே?"

"ஓம் மாமி."

"கம்பனிக்காரன் ஆரையோ வச்சு அளந்துட்டான் எண்டு நாங்க பயந்து செத்தம். நீயா மகன் அளந்தது?"

"ஓம்."

றோசமேரி மற்றப் பெண்கள் பக்கம் திரும்பினார். "இஞ்ச கேளுங்கடி, நம்மட பெடியன்தான் அளந்திருக்கான். வாடியில பொறந்த புள்ள. இனி என்ன பயம்." பிறகு அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வலைக் குவியலைக் காட்டினார். "இதில குந்து மகன். கதிரை அவங்களுக்கு. நீ நம்மட ஆள்தானே."

அவன் வலையில் குந்தினான். பிளாஸ்ரிக் கோப்பையில் தேத்தண்ணி வந்தது. அவன் அதைக் குடிக்காமல் மணலில் வைத்தான். றோசமேரி பக்கத்தில் உட்கார்ந்து, அவன் மடியிலிருந்த வரைபடச் சுருளைத் தொட்டார்.

"எனக்கு எழுத்து வெளங்காது, கண்ணும் சரியில்ல. எங்கட வாடி இதில எங்க இருக்கு? காட்டு மகன்."

சொல்லியிருக்கலாம். மாமி, இதில் இல்லை, நான் போடவில்லை. ஐந்தே சொல். அவன் சுருளை விரித்தான். பதினான்குக்கும் முப்பத்தாறுக்கும் இடையில் கடதாசி சலவை செய்ததுபோல் வெள்ளையாக இருந்தது. விரல் போய் அந்த வெள்ளையில் ஓரிடத்தில் நின்றது.

"இந்தா, இதில மாமி."

றோசமேரி தன் விரலை அவன் விரலுக்குப் பக்கத்தில் வைத்தார். நகத்தில் மீன் செதிள் ஒட்டியிருந்தது. "இஞ்சயா," என்று மெதுவாகத் தடவிப் பார்த்தார். பிறகு மற்றவர்களையும் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியாக வந்து அந்த வெறும் கடதாசியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். 'எங்கள் பாட்டை விட மாட்டோம்' என்று எழுதிப் பிடித்திருந்த மட்டையை ஒருத்தி வாடிக்குப் பின்னால் கொண்டு போய்ப் போட்டாள். அடப் பாவி, என்றது நிலுக்சனின் மனசு. அவனையேதான்.

இதையெல்லாம் மின்ஹாஜ் ஜீப்பில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்து மணிக்கு விசாரணை நடத்தக் காணி உத்தியோகத்தர் கௌசல்யா வந்தார். கூடவே கறுப்புக் கண்ணாடி போட்ட கம்பனிக்காரர். இருவரும் கதிரையில் அமர்ந்தார்கள். கௌசல்யா வரைபடத்தை விரித்து, சனத்துக்குக் கேட்கும்படி வாசித்தார். பதினான்காம் புள்ளியிலிருந்து முப்பத்தாறாம் புள்ளிவரை வெறும் மணல். குடிசை இல்லை, கிணறு இல்லை, பாவனை இல்லை.

றோசமேரி சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினார். "இல்ல மிஸ், நீங்க சரியாப் பாக்கல்ல போல. இருக்குது. பெடியன் இப்பதான் தொட்டுக் காட்டினான்."

கௌசல்யா கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில ஒண்டும் இல்லையே அம்மா."

சனம் முழுக்க நிலுக்சனைத் திரும்பிப் பார்த்தது. கம்பனிக்காரர் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார். "அளந்த நேரத்தில இங்க ஒண்டும் இல்லத்தானே. பிறகு வந்து போட்ட குடிசைக்கு யார் பொறுப்பு?"

அவன் காலையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்த வசனம் அது. இன்னொருவன் வாயிலிருந்து கேட்கும்போது எவ்வளவு அசிங்கமாக இருந்தது.

"மிஸ்டர் நிலுக்சன், அப்பிடியா?" என்று கேட்டார் கௌசல்யா.

"ஓம்... அளந்த நேரத்தில..." என்று அவன் தொடங்கினான். முகத்தில் ஈயாடவில்லை. றோசமேரி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெடியன் எதிலோ மாட்டிக்கொண்டான், வேலைக்கு மோசம் வரப்போகிறது என்று மட்டும் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். இரண்டு எட்டு முன்னால் வந்து, கௌசல்யாவுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றார்.

"மிஸ், பெடியன ஏசாதீங்க. பிழை எங்கட. இந்த வருசம் போகக்குள்ள கிணத்து வாயப் பலகையால மூடி மண்ணப் போட்டுட்டுப் போனம், மாடு விழுந்துரும் எண்டு. வெளிய தெரிஞ்சிருந்தா அவன் விட்டிருக்க மாட்டான். அவன் வாடியில பொறந்தவன் மிஸ், கிணத்தக் கண்டா அவனுக்குத் தெரியாதா? நாங்கதான் மூடிட்டுப் போனம். மன்னிச்சுக்கொள்ளுங்க."

கையெடுத்துக் கும்பிட்டார். அவனுக்காக. தன் பாட்டைப் பறிக்கிற கடதாசியை வரைந்தவனுக்காக.

தப்பிக்க அவனுக்கு வேறென்ன வேண்டும்? கிணறு மூடிக் கிடந்தது, அதனால் தெரியவில்லை. ஊருக்கும் நல்லவன், கம்பனிக்கும் நல்லவன். ஆனால் படத்தில் கிணறு மூடிக் கிடக்கவில்லை. அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவனுக்கு.

"மிஸ், நான் இங்க நடந்து வரல்ல."

காற்றில் அது ஒருவருக்கும் கேட்கவில்லை. அவன் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் இந்தப் பகுதிக்கு வரவேயில்ல. அங்கால வானொலி எடுபடல்ல. கைக்கருவியில இருந்த செய்மதிப் படத்தப் பாத்து விரலால தொட்டுத்தான் இந்த இருபத்துமூண்டு புள்ளியும் போட்டன். அது ஓகஸ்ட்டில எடுத்த படம். இவங்க இல்லாத மாதம் எண்டு எனக்குத் தெரியும். படத்தில கிணறும் தெரிஞ்சது. கிணறு எண்டு தெரிஞ்சுதான் விட்டன்."

கம்பனிக்காரர் கதிரையை விட்டு எழுந்தார். "இவர் என்ன கதைக்கிறார்? இப்ப வந்து தன்ட ஆக்களப் பாத்துட்டு மாத்திச் சொல்றார்."

"மாத்தல்ல மிஸ்." பின்னாலிருந்து மின்ஹாஜ் வந்தார். "நான் அண்டைக்கு ரிப்பீட்டரோட அந்தா அந்த மூணாவது மேட்டுலதான் இரிந்த. சேர் நாலாவது மேட்டத் தாண்டிப் போகல்ல. அந்தப் புள்ளிகள்ல ஒண்டுக்கும் உசரம் பதிஞ்சிரிக்காது, கோல நட்டு அளந்தாத்தான் உசரம் பதியும், கருவியத் தொறந்து பாருங்க. இத இவ்வளவு நாளும் நான் செல்லல்ல. அது என்ட பிழை."

கைக்கருவியைத் திறந்து பார்த்தார்கள். பதின்மூன்று வரைக்கும் உயரம் இருந்தது. பதினான்கிலிருந்து அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. கௌசல்யா வரைபடத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, கையெழுத்து வைத்தார்.

"இத நான் ஏற்கல்ல. கருவி கொண்டு வந்திருக்கிறீங்கதானே? இப்ப, என் கண்ணுக்கு முன்னால அளங்க. இந்த ஆக்களும் கூட வரட்டும்."

மின்ஹாஜ் பற்றரியைத் தூக்கக் குனிந்தார். நிலுக்சன் அவர் கையிலிருந்து அதை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான். மின்ஹாஜ் தடுக்கவில்லை. நாலாவது மேட்டில் ஏறி, முக்காலியை நட்டு, கயிறு கட்டி, கீழே இறங்கி வரும்போது திரை பச்சையாகியிருந்தது. இருபது நிமிடம் சென்றிருக்கும். யூலையில் அந்தக் காற்றோடு ஒரு மணித்தியாலம் போயிருக்கும். ஒரே ஒரு மணித்தியாலம்.

இடையில் குலசேகரம் தொலைபேசியில் வந்தார். கம்பனிக்காரர் முந்திக்கொண்டு எல்லாம் சொல்லியிருந்தார். "நடக்காம அளந்தனீரோ?" என்று குலசேகரம் கேட்டார். ஓம் என்றான். "நாளைக்கு வர வேண்டாம். கருவியை மின்ஹாஜிட்டக் குடுத்துவிடும்." அதில் அவன் குறை சொல்ல என்ன இருக்கிறது?

வாடி வாடியாக அளந்தான். பெண்கள் முன்னால் நடந்து இடத்தைக் காட்டினார்கள். இது மூலை, இது கம்பு, இதுவரைக்கும் எங்கட பாடு. யாராவது நல்ல தூஷணத்தில் நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று அவன் ஏங்கினான். ஒருவரும் திட்டவில்லை. றோசமேரி கிணற்றடியில் குனிந்து, மூடியிருந்த பலகையைத் தானே இழுத்துத் தள்ளினார். நிலுக்சன் பீப்பாயின் விளிம்பில் கோலை நிறுத்தினான். குறிப்புக் கட்டத்தில் வாடிக் கிணறு, றோசமேரி என்று எழுதினான். எழுதும்போது கண் கலங்கி எழுத்து மங்கியது.

எல்லாம் முடிந்ததும், ஒவ்வொருவரும் தங்கள் இடத்தைத் திரையில் பார்த்துச் சரியென்றால் கையெழுத்து வைக்கலாம் என்றார் கௌசல்யா. நிலுக்சன் முதலில் றோசமேரியிடம்தான் போனான். வெயில் படாமல் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு நீட்டினான்.

"மாமி, இந்தா, இதுதான் உங்கட வாடி. இது கிணறு."

றோசமேரி திரையைப் பார்க்கவில்லை. அவன் விரலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவனைத் தாண்டி ஜீப் பக்கம் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க ஒருக்கா வந்து காட்டுங்க."

மின்ஹாஜ் வந்தார். நிலுக்சனின் முகத்தைப் பார்க்காமல் கைக்கருவியை வாங்கினார். "இந்தா இரிக்கி, இது வாடி. இது கெணறு. ஒங்கட பேரும் போட்டிரிக்கி." றோசமேரி தன் விரலை அங்கே வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கௌசல்யா நீட்டிய கடதாசியில் பெருவிரலை ஊன்றினார்.

நிலுக்சன் கோலை ஜீப்பில் சாத்தி வைத்தான். காலையில் குந்தியிருந்த வலைக் குவியலுக்குப் போய் உட்காரக் குனிந்தான். பின்னாலிருந்து றோசமேரியின் குரல் கேட்டது. கோபம் ஒன்றும் இல்லை, மரியாதையான குரல்.

"பொறுங்க சேர், அதில இருக்காதீங்க." பிறகு வாடிப் பக்கம் திரும்பி, "சேருக்கு ஒரு கதிரை கொண்டு வந்து போடுங்கடி," என்றார்.

ஒருத்தி கதிரையைக் கொண்டு வந்து, முந்தானையால் துடைத்து, அவன் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் அதில் உட்கார வேண்டியதாயிற்று.